மேனேஜருக்கு ஒரு பட்டை

டீ நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரை போடாமல் கொடுத்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி. சர்க்கரை எனக்கு ஆகாது என்றில்லை. கலக்கும்போது ஸ்பூன் டம்ளரில் இடிக்கும் சத்தம்தான் ஆகாது. வெளியே உட்கார்ந்திருக்கும் உங்கள் கான்ஸ்டபிள் வாயைத் திறந்துகொண்டு சூயிங்கம் மெல்லுகிறார். இதைப் புகாராகச் சொல்லவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

கவனிப்பதுதான் என் தொழில். இருபத்தாறு வருடமாகக் காது மெஷின் பொருத்துகிறேன். காது கேட்காதவர்களைக் கேட்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்கு எதுவும் கேட்கக் கூடாது. இது என்ன நியாயம் என்று என் மனைவி கேட்பாள். மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்கிறானா என்பேன். அடுத்தவர் காதின் அழுக்கைப் பகல் முழுக்கத் துடைத்துவிட்டு வருகிறவனுக்கு மாலையில் கொஞ்சம் நிசப்தம் கேட்க உரிமை உண்டு என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்த வீட்டுக்காரரைக் குடியிருப்பில் எல்லோரும் ஏலக்காரர் என்றுதான் சொல்வார்கள். மீன் மார்க்கெட்டில் முப்பது வருடம் ஏலம் விட்டவர். நான்கு தெருவுக்குக் கேட்கும் குரலாம். தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். பேச வேண்டுமென்றால் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு வாயசைக்க வேண்டும். கருவி அதிரும், அந்த அதிர்வே பேச்சாக வெளிவரும். தகர டப்பாவில் மாட்டிக்கொண்ட வண்டு நாலு வார்த்தை கற்றுக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. கருவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். குளிக்கப் போகும்போதும் குளியலறை வரை கொண்டுபோய், உட்கார்ந்தபடியே கைக்கெட்டும் ஆணியில் மாட்டுவார் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

அவரிடம் பழுப்பு நிறத்தில் ஒரு கலப்பு நாய். பெயர் மேனேஜர். அவர் குடிவந்த அன்றே நான் காரணம் கேட்டேன். கருவியை வைத்துக்கொண்டு, "வேல ஒண்ணும் செய்யாது சார், சும்மா கத்தும்" என்றார். படிக்கட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என் கடையில் நான்தான் மேனேஜர் என்பது அவருக்கு அப்போது தெரியாது. அவர்களுக்குத் தெரியும்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் தினமும் ஒரு மணி நேரம் பேசிப் பழகச் சொல்லியிருந்தாளாம். தனி ஆள், யாரிடம் பேசுவார்? மேனேஜரைக் கட்டிலில் உட்கார வைத்து, இல்லாத மீனை ஏலம் விடுவார். சுவர் வழியாக அட்சரம் பிசகாமல் கேட்கும். ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம். மூன்றாவதுக்கு நாய் ஒரே ஒரு குரை குரைக்கும். மீன் அதற்கே. பிறகு பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம், அதன்பின் ஈரமாக அது நக்கித் தின்னும் சத்தம். ஒரு மணி நேரத்துக்குப் பதினொரு குரைப்பு. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தேன். நம் சங்கங்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பல்பு மாற்றவே மூன்று கூட்டம் போடுவார்கள். ஆனால் ஒருவரை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றால் கோரத்துக்கு வேண்டிய ஆட்கள் தானாகச் சேர்ந்துவிடுவார்கள். 'ஒலி ஒழுங்குக் குழு' என்று ஒன்றை அமைத்து என்னையே அதற்குப் பொறுப்பாக்கினார்கள். ஞாயிறு மதியம் இரண்டு முதல் நான்கு வரை அமைதி நேரம் என்று விதி எழுதினேன். அடுத்து, நாய்க்குக் குரைப்புப் பட்டை. குரைத்தால் கழுத்தில் சின்னதாக ஒரு மின் அதிர்வு கொடுக்கும் பட்டை. தீர்மானத்தில் 'ஒலிக் கட்டுப்பாட்டுச் சாதனம்' என்று எழுதினேன். ஜனங்கள் ஷாக் பெல்ட்டு என்றார்கள்.

தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். நாகரிகத்தின் முதல் படி அமைதி என்று இருபது நிமிடம் பேசினார். நடுவில் அவர் போன் மூன்று தடவை அலறியது. எதிர்த்தது மேல் மாடிப் பல் டாக்டர் அம்மா மட்டும்தான்.

"வலிக்குமா, வலிக்காதா?" என்றார்.

"வலி இல்லைங்க. லேசா ஒரு அசௌகரியம்."

"நானும் பேஷன்ட்கிட்ட இதையேதான் சொல்றேன்."

கூட்டம் சிரித்தது. நான் பட்டையை என் மணிக்கட்டில் கட்டி, கையை வாயருகே வைத்துக் குரைத்துக் காட்டினேன். ஆமாம், மேடம், ஐம்பத்திரண்டு வயதில் சபை நடுவே குரைத்தேன். பொதுக் காரியத்துக்கு வெட்கம் பார்க்கக் கூடாது. எறும்பு கடித்த மாதிரி இருந்தது. அதில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை அளவு உண்டு. நான் காட்டியது ஒன்று.

ஏலக்காரர் எழுந்து கருவியைக் கழுத்தில் வைத்தார். நேரமாகிறது, எழுதிக் கொடுங்கள் என்றார் தலைவர். எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் கோப்பில் இருக்கும். "நாயோடு வேறு வீடு யாரும் தர மாட்டேன் என்கிறார்கள். பட்டை போட்டால் இவனை வைத்துக்கொள்ளலாமா?" கருணை காட்டுவதில் எங்கள் சங்கம் சளைத்ததல்ல. ஏகமனதாக அனுமதித்தோம். டாக்டர் அம்மா எழுந்து போய்விட்டிருந்தார்.

பட்டையில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, நாயின் தொண்டை அதிர்வைத் தொட்டு உணரும், அது குரைத்தால் மட்டும் வேலை செய்யும். மற்றது உள்ளே இருக்கும் மைக் வழியாகக் கேட்கும், யார் போட்ட சத்தம் என்று பார்க்காது. எனக்கு இரண்டாவது ரகம் வசதியாக இருந்தது. கடை மேஜையில் வைத்துத் திறந்து சிறிது திருத்தினேன். தினமும் செய்கிற வேலைதான். ஒரு கிழவருக்குத் தெரு இரைச்சல் கேட்கக் கூடாது, பேத்தி குரல் கேட்க வேண்டும் என்றால் மெஷினை அப்படித் திருப்புவோம் இல்லையா. ஒரு குரலின் மாதிரி கையில் இருந்தால் போதும். என்னிடம் சுவர் வழியாகப் பிடித்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகளின் ஒலிப்பதிவு இருந்தது.

நானே போய் நாயின் கழுத்தில் பூட்டிவிட்டு வந்தேன். சாவி குழுவின் சார்பில் என்னிடம். அளவு ஒன்பது. முதலில் எட்டு வைத்துப் பார்த்தேன், முனகியது. முனகலும் சத்தம்தானே.

இரண்டே நாளில் குரைப்பு நின்றது. தலைவர் பொன்னாடை போர்த்தினார். அதன் சரிகை கழுத்தை அறுத்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து முதல் காரியமாகக் கழற்றி எறிந்தேன்.

மூன்றாவது வாரம் என் மனைவி அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்னங்க, அண்ணன் அந்த மெஷின எடுத்தாலே மேனேஜர் கட்டிலுக்கு அடியில ஓடிடுது. ஓடுற வழியெல்லாம் மூத்திரம். கழுத்து அழுகிக் கிடக்கு. கிட்டப் போனா கொமட்டுது."

தோல் அலர்ஜியாக இருக்கும் என்றேன்.

"நாய்தான் கொரைக்கிறதே இல்லையே. பெல்ட்டு சும்மாதான இருக்கணும்? அப்புறம் எப்படிப் புண்ணு?"

அவள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவதோடு நின்றவள். ஆனால் சில சமயம் இப்படிக் கேட்டுவிடுவாள்.

ஏலக்காரர் சிலேட்டில் எழுதிக் காட்டினாராம். என் குரல் நாய்க்கே பிடிக்கவில்லை அம்மா, அதன் முன்னால் இனிப் பேசமாட்டேன் என்று. கருவியைக் கழுத்திலிருந்து கழற்றி அலமாரி இழுப்பறையில் வைத்துவிட்டாராம். சொல்லும்போது அவள் அழுதாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தும் உறிஞ்சினாள்.

"சாவியக் குடுங்க" என்றாள்.

குழு கூடித்தான் முடிவு செய்ய முடியும் என்றேன். தட்டைத் தரையில் வைத்தாள். மெதுவாக வை என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு நாய் பிரச்சின இல்லைங்க. மூச்சு விடுறது எதுவுமே பக்கத்துல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே நான்கு குழந்தைகள். எப்படித்தான் தாங்குகிறாளோ.

புண்ணின் நாற்றம் எங்கள் வராந்தா வரை வந்தது. அதைப் பற்றியும் ஒரு புகார் எழுதினேன். அந்தத் தாளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். விலாசம் விடுபடாமல் முறையாக எழுதிய புகார்.

நாயின் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை, மேடம். நீங்கள் நேற்றிலிருந்து நாய், நாய் என்றே கேட்கிறீர்கள். பதினொரு குரைப்பு ஒரு விஷயமா? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். என்னால் சகிக்க முடியாதது அந்த வண்டுக் குரல். எச்சிலும் அதிர்வும் கலந்து, செத்த பிறகும் பேசுகிற மாதிரி. நோயாளியைப் பேசாதே என்று எந்தச் சங்கத்திலும் தீர்மானம் போட முடியாது. எல்லோரும் நல்லவர்கள். அதனால் பட்டைக்கு அந்தக் குரலையும் கற்றுக்கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வார்த்தை பேசும்போதும் அது நாயின் கழுத்தில் இறங்கும். நாய்க்கு வாய் இல்லை, அவருக்குக் காரணம் தெரியாது. அவர் தாமாகவே நிறுத்திக்கொண்டார். நான் ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

இரண்டு மணிக்குச் சுவரோரம் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தச் சுவருக்கு அப்பால் அவருடைய குளியலறை. இரண்டு இருபதுக்கு ஏதோ கனமாக விழுந்தது. பிளாஸ்டிக் வாளி உருண்டது. நோட்டில் குறித்தேன். அமைதி நேர மீறல்களை அவ்வப்போது குறித்துவைப்பது குழுவின் வழக்கம். இரண்டு இருபத்தைந்துக்குச் சுவரில் தட்டல் தொடங்கியது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி. மறுபடி மூன்று. ஏலம் விட்ட கை, தாளம் தப்பவில்லை. நாய் நகத்தால் வாசல் கதவைப் பிறாண்டியது. குரைக்கவில்லை. பட்டை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு ஐம்பதுக்கு ஒரு பதிவு இருக்கிறது பாருங்கள். 'குழாய் மூடப்படவில்லை. தண்ணீர் வீண்.' தண்ணீர் சிக்கனம் வேறு குழுவின் கீழ் வரும். இருந்தாலும் குறித்தேன்.

நேற்று நீங்கள் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரியும். இடுப்பு எலும்பு முறிந்து எழ முடியவில்லை. தரை வடிகாலை அவர் உடம்பே அடைத்துக்கொண்டது. தண்ணீர் மெல்ல ஏறியது. மற்றவர்களுக்கு மூக்கு வரை ஏற வேண்டும். அவருக்குக் கழுத்து வரை போதும். கருவி ஆணியில் இருந்திருந்தால் எட்டியிருப்பார். நாய் பழைய நாயாக இருந்திருந்தால் தெருவே திரண்டிருக்கும். மூன்றே முக்கால் வரை உயிர் இருந்திருக்கும் என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னாராம். அவர் படித்தவர், சரியாகத்தான் இருக்கும். என் நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் காலை கதவிடுக்கில் தண்ணீர் வருவதைப் பார்த்துப் பல் டாக்டர் அம்மா தாழ்ப்பாளை உடைத்தார். நானும் போய் எட்டிப் பார்த்தேன். நாய் அவர் மார்பில் தலையை வைத்துத் தண்ணீரில் படுத்திருந்தது. புண்ணிலிருந்து ஏதோ கசிந்து தண்ணீரில் மஞ்சளாகக் கோடு போட்டிருந்தது. எனக்கு வாந்தி வந்துவிட்டது. டாக்டர் அம்மா என்னிடம் சாவி கேட்கவில்லை. பல் பிடுங்கும் குறட்டைக் கொண்டுவந்து பட்டையின் பூட்டைப் பிடுங்கி எடுத்தார். சதையும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. பட்டையைச் சுருட்டி என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "உங்க சாதனம், சார்" என்றார். சட்டை பாழ். நாய் இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறது. இன்னும் குரைக்கவில்லை என்று சொன்னார்கள்.

அந்தத் தட்டல் எலியாக இருக்கலாம் என்று நினைத்தேன் என நேற்று எழுதிக் கொடுத்தேன் அல்லவா? அந்த வரியை அடித்துவிடுங்கள். எலி மும்மூன்றாகத் தட்டாது. அவர்தான் என்று தெரியும். விழுந்துவிட்டார் என்றும் தெரியும். அவர் வீட்டுக் கதவுக்கு என் நாற்காலியிலிருந்து பதினாறு அடி. விதி எழுதியவனே நான்கு மணிக்கு முன் எழுந்து போய்க் கதவை இடித்தால் நாளைக்கு விதியை யார் மதிப்பார்கள்? நான்கு அடித்ததும் போய்ப் பார்ப்பதாகத்தான் இருந்தேன். அதற்குள் அவ்வளவு அமைதியாகிவிட்டது. ஏழு வருடத்தில் அந்தச் சுவர் அப்படி இருந்ததில்லை. கண் அயர்ந்துவிட்டேன்.

நோட்டில் முப்பத்தெட்டு முறை மும்மூன்று தட்டு இருப்பதாக எண்ணிச் சொன்னீர்கள். சரிதான். கடைசிப் பதிவில் மட்டும் ஏன் இரண்டு என்று கேட்டீர்கள். ஒன்று வந்தது, இரண்டு வந்தது. பேனாவைப் பிடித்தபடி மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன், மேடம். ஐந்து நிமிடம் முழுசாகக் காத்திருந்தேன். நான் ஈரமில்லாதவன் அல்ல. அந்த மூன்றாவது மட்டும் வந்திருந்தால் நிச்சயம் எழுந்து போயிருப்பேன்.