விஜயரூபன் பேசுகிறேன்

நீங்கள் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனாலும் சூடாக இருந்தது, தொண்டைக்கு இதமாக இருந்தது. எழுபத்து மூன்று வயதில் எனக்கென்று மிச்சமிருப்பது தொண்டை ஒன்றுதான். நான் எதையும் இழுத்தடிக்கப் போவதில்லை. களைப்பாக இருக்கிறது. சொல்லி முடித்துவிட்டால் எங்காவது படுக்கலாம்.

என் பெயர் வரதன். விஜயரூபன் யார் என்று உங்கள் அப்பாவைக் கேட்டால் சொல்லுவார். ஐம்பத்தேழில் முதல் படம். அதிலிருந்து பன்னிரண்டு வருஷம் கதாநாயகனாக மட்டுமே நடித்தவர். சொந்தப் பெயர் சுப்பையா. ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஆரணியாற்றங்கரையில் ஒரு கிராமம், வீட்டில் தெலுங்கு. அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால்தான் கஷ்டம். கீச்சென்ற குரல், திக்கித் திணறும் தமிழ். முதலில் எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தயாரிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டாராம்.

நான் அப்போது நாடகக் கம்பெனியில் இருந்தேன். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அதனால் திரைக்குப் பின்னால் நின்று அசரீரி பேசுவதுதான் என் வேலை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு இருட்டறையில் மைக் முன்னால் நிறுத்தினார்கள். அவர் உதடு அசைந்தது, நான் பேசினேன். வெளியே மூச்சு விடக் கூடாது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

அவருடைய எல்லாப் படத்திலும் பேசியது நான். காதலித்தது, சவால் விட்டது, தாயின் மடியில் கிடந்து அழுதது, எல்லாம். விழா மேடைகளில் அவர் கைகூப்பிச் சிரித்துவிட்டு இறங்கிவிடுவார். எவ்வளவு அடக்கம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். டெலிபோன் வந்தால் நான் எடுத்து, "விஜயரூபன் பேசுகிறேன்" என்பேன்.

அறுபத்தொன்பதோடு படங்கள் நின்றுபோயின. அவர் அதற்காக ஒருநாளும் முகம் வாடியதில்லை. சோழவரம் ஏரிக்குப் பக்கத்தில் மாந்தோப்பும் சின்ன வீடும் வாங்கி வைத்திருந்தார். குழந்தைகள் இல்லை. மனைவி காலமான பிறகு, "வரதா, நீயும் ஒண்டி நானும் ஒண்டி, இங்கயே வந்துடு நைனா" என்றார். போனேன். சாயங்காலம் ஏரிக்கரையில் நடப்போம். எதிரே வருகிற யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள். அவருக்கு அது நிம்மதியாக இருந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் உலையடியில் வேலை செய்த ஆசீர்வாதம் என்ற ரசிகர் தவறாமல் பேசுவார். "தலைவரே, உங்க கொரல் காதுல வுழுந்தா போதும், வாரம் பூரா பட்ட பேஜாரு பூடும்" என்பார். நான் அவருடைய மகள் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னேன். அவர் மனைவி இறந்தபோது ஆறுதல் சொன்னேன். சுப்பையா பக்கத்து நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டாயிரத்து ஐந்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. மலம் அள்ளியது, குளிப்பாட்டியது, சோறு பிசைந்து ஊட்டியது எல்லாம் நான்தான். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டாம். கடமை என்று செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு வருஷம் போல் நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. வீட்டில் ஒரே ஒரு குரல்தான் இருந்தது.

பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்க பூமிகா என்ற பெண் திருநின்றவூரிலிருந்து வர ஆரம்பித்தாள். நல்ல பெண், பொறுமைசாலி. எழுத்து எழுத்தாக அவர் வாயில் வரவழைத்தாள். அந்தச் சமயத்தில்தான் ஏதோ டிவிக்காரர்கள், முதல் படத்துக்கு ஐம்பது வருஷம் ஆகிறது, பேட்டி வேண்டும் என்று கேட்டார்கள். நான் முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் இடது கையை உயர்த்திச் சம்மதம் சொல்லிவிட்டார்.

ஒருநாள் பூமிகா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "சார், ஒரே ஒரு வரிதான் சொல்லிக் குடுன்னு அடம்புடிக்கிறாரு. இன்னான்னு கேட்டீங்கன்னா அசந்துடுவீங்க. 'அந்தக் குரல் வரதனோடது.' இத டிவில சொல்லிட்டாப் போதுமாம். உங்களுக்கு சந்தோஷமா இல்லியா சார்?"

சந்தோஷம்தான் என்றேன். ஒரு பை நிறைய மாம்பழம் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஐம்பது வருஷமாகக் காப்பாற்றிய பெயர் அது. அதை அவரே ஒரு வரியில் உடைத்துவிடுவார். வெறும் முகம்தானா என்று ஊர் சிரிக்கும். உலையடியில் நின்று உழைத்த ஆசீர்வாதம் போன்றவர்களுக்கு மனம் விட்டுப்போகும். அவருக்கு அதெல்லாம் புரிகிற நிலை இல்லை. புரிந்த ஒருவன் நான்தான். அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். தலையை ஆட்டி மறுத்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். அதற்கு மேல் என்ன பேசுவது.

ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் அதை அவர் நாக்கில் வைப்பது நான். அதற்குப் பதிலாகச் சத்து மாத்திரையை வைத்தேன். இரண்டும் வெள்ளைதான். அவர் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறப்பார். அவருக்கு ஒரு வலியும் கொடுக்கவில்லை.

சாவு வீட்டில் ஆசீர்வாதம், "ஞாயித்துக்கெழம காலைல ஒம்போது மணிக்குக் கூட எங்கிட்ட பேசுனாரே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அவரால் நாலு வார்த்தை சேர்த்துப் பேசவே முடியாதே என்று பூமிகா கேட்டிருக்கிறாள். அவள்தான் அலமாரியில் பிரிக்காமல் கிடந்த மாத்திரைகளையும் பார்த்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். அவள் செய்ததில் தப்பில்லை. அன்று காலை என்ன நடந்தது என்றுதானே கேட்டீர்கள்.

விடியும்போது அவர் கட்டிலுக்குக் கீழே கிடந்தார். வாய் கோணியிருந்தது, கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது. தலைக்குக் கீழே தலையணை வைத்தேன். செங்குன்றத்திலிருந்து ஆம்புலன்ஸ் வர அரைமணி நேரம் போதும், அது எனக்குத் தெரியும். காபி போட்டுக் குடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குப் போன் அடித்தது.

"தலைவரே, நாஷ்டா ஆச்சா? டிவில பேசப் போறீங்கன்றாங்களே, நெசமா?"

"அதெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டேன்பா" என்றேன்.

அப்போது கீழேயிருந்து, "அந்த... குரல்..." என்று வந்தது. அவருடைய அந்தக் கீச்சுக் குரல்தான். வராத மூச்சை இழுத்து இழுத்து மறுபடியும் சொன்னார். நான் போனைக் கையால் மூடினேன். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"இன்னா தலைவரே, பின்னால யாரோ மொனவுற மாரி கீது?"

"வரதன்னு ஒருத்தர்ப்பா, ரொம்ப வருஷமா எங்கூட இருக்காரு. உடம்பு முடியல. இனிமே தேற மாட்டாரு."

ஆசீர்வாதம் உச்சுக் கொட்டினார். "அய்யோ பாவம். நல்ல மனுசனா?"

நல்ல மனுஷன்தான் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் சிறிது நேரம் வரதனுக்காக வருத்தப்பட்டோம்.