பழைய வரைபடம்

விசாரிக்க வந்த உங்களையும் பசியாறிவிட்டீர்களா என்று கேட்க நினைத்தேன். காலையில் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். லோஷினி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த அன்றும் கேட்டேன். அவள் சாப்பிட்டிருக்கவில்லை. என் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில் பாதியைக் கொடுத்தேன்.

அவள் உயிரிப் பொறியியலில் முதுகலை மாணவி. மரபணுவைக் கணினியில் ஆராயும் உயிரித் தகவலியல் அவளுடைய பிரிவு. நான் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர். மாணவர்கள் வருவார்கள், பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். ஜொகூர் பாருவில் என் வீட்டில் வேறு யாரும் இல்லை. சாமிக்கு விளக்கேற்றும்போது முணுமுணுப்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். லோஷினி வந்த பிறகுதான் என்னை ஒருத்தி அக்கா என்று கூப்பிட்டாள்.

அவளுடைய அப்பா சொந்த ஊரான பாலோவில் வேலைக்குப் போகும் வழியில் இதயம் நின்று இறந்தவர். பெரியப்பாவும் அப்படித்தான். அந்தக் கோளாறு மரபணுவில் எங்கே இருக்கிறது என்று குடும்பத்தாரின் இரத்த மாதிரிகளில் தேடுவதே அவள் ஆய்வு. அது தெரியும்வரை தம்பி விஜயன் பந்து விளையாடக் கூடாது என்று அம்மா ராசம்மா தடுத்து வைத்திருந்தார். கண்டுபிடித்தால் லோஷினிக்குப் பட்டம் கிடைக்கும். சிங்கப்பூரில் ஒரு வேலையும் காத்திருந்தது; அவளும் போய்விடுவாள்.

மரபணுவை ஒப்பிடப் பொதுவான வரைபடம் ஒன்று உண்டு. அதன் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒரே இடத்துக்கு வேறு வேறு எண்கள். ஆபத்தான இடங்களின் பட்டியல் புதிய பதிப்புக்கானது. நான் அவளுடைய கணினியில் பழைய வரைபடத்தை வைத்து அதற்குப் புதியதன் பெயரைக் கொடுத்தேன். கணினி தரும் எச்சரிக்கையையும் நிறுத்திவைத்தேன். அதன்பின் அவள் தேடியதெல்லாம் தவறான இடத்தில், பக்கத்துத் தெருவில் போய்க் கதவைத் தட்டுவதுபோல.

"இன்னிக்கும் ஒண்ணும் வரலக்கா. என் மண்டையிலதான் கோளாறு லா."

"அழாதம்மா. இன்னொரு செமஸ்டர் பாத்துக்கலாம்."

அழுதவளுக்குத் தோசை வாங்கிக் கொடுத்தேன். அவளுடைய பேராசிரியர் அதைக்கூடச் செய்ததில்லை.

விஜயன் சில நாள் அவளை மோட்டார் சைக்கிளில் அழைத்துப்போக வருவான். "யோகேஸ் அக்கா, எங்க அக்காவச் சீக்கிரம் பாஸ் பண்ண விடுங்க. கிழவியாயிரும்."

"போடா, நீ மொதல்ல மூஞ்சியக் கழுவு" என்பாள் அவள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அது என் வீட்டுப் பிள்ளைகள் போலவே இருக்கும்.

வரைபடத்தை மாற்றியதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இதை மட்டும் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை: விஜயனின் மாதிரியைப் புதிய வரைபடத்தில் நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். அப்பாவுக்கு இருந்தது அவனுக்கும் இருந்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அவனுக்காக விரதம் இருந்தேன்.

ஒருநாள் அவன் கேட்டான். "அதான் ஒண்ணும் இல்லன்னே வருதே, பந்து வெளையாடலாமாக்கா?"

லோஷினி என்னைப் பார்த்தாள். தன் கணக்கைவிட என்னை நம்பினாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள், தேடுவாள், கிடைத்துவிடும்.

"வெளையாடட்டும்மா, பாவம்" என்றேன்.

பாலோ திடலில், முதல் பாதி முடிவதற்குள் விழுந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் போய்விட்டது. ராசம்மாவைப் பால் குடிக்க வைத்தவள் நான்தான். எல்லாரும் போன பிறகும் லோஷினியின் தலையை மடியில் வைத்திருந்தவளும் நான்தான்.

பிறகு அவளே சிங்கப்பூருக்கு வர இயலாது என்று எழுதிவிட்டாள். அம்மாவைத் தனியே விட முடியாதாம். இங்கேயே இருக்கிறேன் அக்கா என்றாள். அன்று மாலை கோயிலில் விஜயனுக்கு ஒரு மோட்ச விளக்கு ஏற்றினேன். நான் கேட்டதைக் கொடுத்ததற்குச் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.