வாய்க்கால் மதகடியில் ட்ரோனை இறக்கியது பற்றி ஜெபசுதா கூறியது

என் பெயர் ஜெபசுதா. வயது 27. தகப்பனார் பெயர் கிருபாநிதி. நாசரேத் சந்தைத் தெருவில் குடியிருந்து வருகிறேன். தூத்துக்குடியில் ஒரு தனியார் கம்பெனியில் சர்வே இன்ஜினியராக இருக்கிறேன். ஆறு, வாய்க்கால்களில் தண்ணீர் விழும் இடங்களை ட்ரோன் மூலம் படம் எடுத்து, எங்கே சிறிய நீர்மின் நிலையம் வைக்கலாம் என்று பார்ப்பது எங்கள் வேலை. ட்ரோன் ஓட்டுபவர் விளாத்திகுளம் ஆறுமுகநயினார், வயது 44. அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். நான் சொல்வது எனக்கு எதிராகவும் பயன்படலாம் என்று நீதித்துறை நடுவர் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். தெரிந்தே சொல்கிறேன்.

கடந்த 11.02.2025 செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் நாங்கள் இருவரும் ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே உள்ள வாய்க்கால் மதகுக்குப் போனோம். அங்கே தண்ணீர் ஏழு அடி விழுகிறது. அண்ணன் ட்ரோனை ஏற்றி, மதகிலிருந்து ஆறுவரை ஓட்டினார். அப்போது ஆற்றுக்குள் ஒரு டிராக்டரும் பெரிய மணல் பள்ளமும் படத்தில் தெரிந்தன. அண்ணன் உடனே ட்ரோனைத் திருப்பி மதகுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினார். அதன் பிறகு கரை வழியாக இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் சுடலைக்கண்ணன் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவர் கையில் மண்வெட்டி இருந்தது. மற்றவர் சிவப்புச் சட்டை போட்டிருந்தார், பெயர் தெரியாது.

சுடலைக்கண்ணன், “ஏலே, ஒன்ன யாரு அனுப்புனா? போலீஸா?” என்று கேட்டார். அண்ணன், “கரண்டு எடுக்க எடம் பாக்கோம் அண்ணாச்சி. மண்ணு எங்களுக்கு எதுக்கு? எறக்கித் தாரேன், படத்த நீங்களே அழிச்சிருங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்து இறக்கப் போனபோது சிவப்புச் சட்டைக்காரர் பின்னாலிருந்து அவர் கழுத்தைப் பிடித்தார். சுடலைக்கண்ணன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அதன் காம்பால் அண்ணனின் மணிக்கட்டில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ரிமோட் என் காலடியில் விழுந்தது. அண்ணனின் கண்ணாடி வாய்க்காலில் விழுந்து, கொஞ்ச தூரம் மிதந்த மாதிரி தெரிந்து, மூழ்கியது.

நான் ரிமோட்டை எடுத்தேன். ட்ரோன் மேலேயே நின்றுகொண்டிருந்தது. ரிமோட்டின் திரையில் நாங்கள் நான்கு பேரும் சின்னதாகத் தெரிந்தோம். அண்ணன் சுருண்டு கிடந்தார். மண்வெட்டி ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. மூன்றாவது தடவை அதன் இரும்புப் பக்கம் அவர் தலையில் பட்டது. எதிரே ஆள் வந்தால் மோதாமல் தானே நின்றுவிடும் வசதி அந்த ட்ரோனில் உண்டு. அதை அணைத்தேன். அதன் பிறகு ட்ரோனை ஆள் உயரத்துக்கு இறக்கி, சுடலைக்கண்ணனின் முகத்துக்கு நேராக முழு வேகத்தில் விட்டேன். இறக்கைகள் அவர் வலது கண்ணில் பட்டன. சிவப்புச் சட்டைக்காரர் அதைப் பார்த்துவிட்டு டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுடலைக்கண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்தார். விரல் இடுக்கு வழியாக ரத்தம் வந்தது. “அக்கா, கண்ணு தெரியல, விட்டுரு அக்கா” என்றார். அவர் என்னைவிட மூத்தவர். அதன் பிறகு நான் சர்வேக்குக் கொண்டுவந்திருந்த முக்காலி ஸ்டாண்டைத் தூக்கி அவர் வலது முழங்காலில் இரண்டு தடவை அடித்தேன். இரண்டாவது அடியில் ஸ்டாண்டின் ஒரு கால் வளைந்தது.

அதன் பிறகு 108க்குப் போன் செய்து, என் துப்பட்டாவை அண்ணன் தலையில் சுற்றினேன். வண்டியில் போகும்போது அவர், “ஜெபா, மெஷின எறக்கிட்டியா?” என்று கேட்டார். “எறக்கிட்டேன் அண்ணே” என்றேன். மறுநாள் காலை அண்ணன் தூத்துக்குடி அரசு மருத்துவமனையில் இறந்துபோனார்.

கம்பெனி வக்கீல், ட்ரோன் தானாகக் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்றும், சுடலைக்கண்ணன் மதகிலிருந்து விழுந்து கால் உடைந்தது என்றும் சொல்லச் சொன்னார். அப்படி நடக்கவில்லை. ட்ரோனை விட்டது அண்ணனை அவர்களிடமிருந்து விடுவிக்க. காலில் அடித்தபோது அண்ணனை அடிக்க அங்கே யாரும் மிச்சமில்லை, சுடலைக்கண்ணன் எழுந்திருக்கக்கூட முடியாமல் இருந்தார், அது தெரிந்துதான் அடித்தேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை.

(ஒப்பம்)
கி. ஜெபசுதா