மூணு தரம் உரக்க

— நகத்துடா அந்த பீரோவை! இன்னும் ஒரு சாண். ஆங்... தெரியுது பாரு, போர்டு!

— அக்கா, மெதுவா... மெதுவா பேசு. கதவுக்கு அந்தப் பக்கம் கவுன்சிலருங்க எல்லாம் உக்காந்தாச்சு. ஜன்னல் திரை தச்சுக் கொண்டாந்தே, குடுத்துட்டே. கிளம்பேன்.

— நான் படிக்கறேன், நீ கேளு. "ஒரு வார்டைப் பற்றித் தீர்மானம் எடுக்கும் முன், கதவைத் திறந்து, பொதுமக்கள் எவரேனும் பேச வந்துள்ளனரா என மூன்று முறை உரக்கக் கேட்க வேண்டும்." உரக்க! காதுல விழுந்துதா?

— ஒம்பது வருஷமா மாசாமாசம் நான்தானே கேக்கறேன்?

— நீ கேட்ட லட்சணம்! போன மாசம் அளவெடுக்க இதே இடத்துல ஏணி மேல நின்னேனே. கதவை இத்தனூண்டு திறந்தே, தொண்டைக்குள்ள என்னமோ முனகினே, சாத்திட்டே. பூனை பால் குடிச்சாக்கூட அதைவிடச் சத்தம் வரும்.

— சூப்ரண்டு அப்படித்தான் கேக்கச் சொல்லியிருக்காரு. கத்தினா ஜனம் கூடிடுமாம்.

— கூடட்டுமே! அதுக்குத்தானேடா கூப்பிடறதே? இன்னும் கேளு. தீர்மானப் புத்தகத்தை யார் கேட்டாலும் காட்டணுமாம், அதுவும் போர்டுல இருக்கு. நேத்து ரெக்கார்டு ரூம்ல போய்க் கேட்டேன். அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்தா. "இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையே"ன்னு தூசி தட்டிக் குடுத்தா. பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரிடா! "மூன்று முறை அழைத்தும் எவரும் வரவில்லை." கீழ சாட்சிக் கையெழுத்து யாரு? சொல்லு!

— ...நான்தான்.

— கோழி கிளறின மாதிரி! நான் கண்டுபிடிக்க மாட்டேனா?

— அக்கா, என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதே. மெதுவா பேசு.

— இன்னிக்குப் பதினாலாவது தீர்மானம் என்ன தெரியுமா உனக்கு?

— நான் காகிதம் தூக்கறவன், படிக்கறவனா?

— உன் தெரு ஆஸ்பத்திரியை மூடறாங்க. அந்த இடத்துல வண்டி நிறுத்தப் போறாங்களாம்.

— எது... அம்மாவுக்குக் கால் புண்ணுக்குக் கட்டுப் போடற இடமா?

— வேற எது? ஊர்க்கோடி பெரிய ஆஸ்பத்திரிக்கு தினம் அம்மாவைத் தோள்ல தூக்கிட்டுப் போவியா? அதான் வந்திருக்கேன். நீ கூப்பிடு, நான் "இருக்கேன்"ங்கறேன். அவ்வளவுதான்! உன் தெருவுல நூத்திப்பத்து பேர் கையெழுத்து வாங்கிட்டேன்! இதோ பாரு, மனு!

— நூத்திப்பத்தா! உண்மையாச் சொல்லு, எங்க மாடி வீட்டுக்காரரு போட்டாரா?

— கண்ணாடியைத் தேடி மாட்டிக்கிட்டுப் போட்டாரு!

— அவரா? எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுஷனாச்சே!

— யாருய்யா வெளிய சிரிக்கறது? பதினாலுக்கு வந்தாச்சு. கூப்பிட்டியா இல்லையா? யாரும் வரலைன்னு எழுதிக்கவா?

— இல்ல சூப்ரண்டு சார்... இதோ, கூப்பிடறேன். பொதுமக்கள் யாராவது... பேச வந்திருக்கீங்களா...

— உரக்கடா தம்பி! கதவை நல்லாத் திற!

— பொதுமக்கள் யாராவது பேச வந்திருக்கீங்களா!

— இருக்கேன்! நான் இருக்கேன் சார்! தையல்காரி! இதோ மனு, நூத்திப்பத்து கையெழுத்து!

— ஏன்யா இந்தக் கத்து கத்தறே? யாரு... அட, திரை தைக்கிற அம்மா. இது ஆறாவது வார்டு விஷயம். நீங்க எந்த வார்டு?

— பொறந்தது வளந்தது எல்லாம் ஆறுதான் சார். கட்டிக்கிட்டுப் போனது... ஒம்பது.

— அப்ப விதியை முழுசாப் படிக்கணும்மா. போர்டுல கீழ் மூலையில பொடி எழுத்துல இருக்கும். "அந்த வார்டில் குடியிருப்பவர் மட்டும்."

— ஐயோ! அந்த மூலை இன்னும் பீரோவுக்குப் பின்னாடிதான்டா இருக்கு. சார், அரை மணி நேரம் குடுங்க. எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க, ஓடிப்போய் யாரையாவது கூட்டிட்டு வரேன்.

— விதி விதிதாம்மா. காத்திருக்கச் சொல்லி அதுல இல்லை. என்னய்யா மரம் மாதிரி நிக்கறே? இன்னும் ஒரு தரம் பாக்கி. கூப்பிட்டுட்டுக் கையெழுத்தைப் போடு.

— தம்பி... நூத்திப்பத்து பேருடா.

— அந்தக் காகிதத்தை இங்க குடுக்கா.

— எதுக்குடா?

— குடுன்னா குடு. கதவை நீ பிடிச்சுக்கோ, சாத்திக்கப் போகுது.

— மூணாவது தரம், சீக்கிரம்யா!

— பொதுமக்கள் யாராவது பேச வந்திருக்கீங்களா!... இருக்கேன் சார். ஆறாவது வார்டு, ஆஸ்பத்திரிக்கு எதுத்த வீடு. எழுதிக்குங்க. சாட்சிக் கையெழுத்துக்குத்தான் இன்னிக்கு நீங்க வேற ஆள் பாக்கணும்.