பச்சைக் கல் படித்த முனைவர் ஜெயமேரி அம்மாவுக்கு

ஆழம் கண்ட அறிவே! அடக்கம் குன்றா அன்பே! எவரும் இறங்கிப் பார்க்க முடியாத பூமியின் அடிவயிற்றைக் கையடக்கக் கல்லில் கண்டு காட்டிய கல்விச் செல்வமே! திண்டுக்கல்லில் பிறந்து, எங்கள் நிலவியல் துறையில் முப்பத்தோர் ஆண்டு பணியாற்றி நிறைவு பெறும் முனைவர் ஜெயமேரி அம்மா அவர்களே, வணக்கம்!

அம்மாவின் மேசையில் எப்போதும் ஒரு கறுப்புக் கல் இருக்கும். அதன் நடுவே கொய்யாப் பிஞ்சு அளவில் பச்சைப் பசேலென்று ஒரு துண்டு. கட்ச் பகுதியில் எரிமலைக் குழம்பு மேலே பாய்ந்தபோது, பல கிலோமீட்டர் ஆழத்துப் பாறையிலிருந்து பிய்ந்து வந்தது அது. அதிலுள்ள தாதுக்களை அளந்தால், அது எவ்வளவு வெப்பத்தில், எத்தனை ஆழத்தில் கிடந்தது என்று கணக்கிடலாம். "மலைக்கோட்டை ஏறவே நமக்கு மூச்சு வாங்குது, அம்புட்டு ஆழம் எங்குட்டு இறங்க? அதான் கல்லே நம்மளத் தேடி வந்திருக்கு" என்பார். கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

அக்கல்லைப் பற்றிய அவர் கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. பேராசிரியர் பதவி உயர்வுக்கு அதுவே ஆதாரம். நேர்காணலுக்கு ஒன்பது நாள் இருக்கையில், கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர் திகைத்துப் போனார். கட்டுரையில் சொன்ன தாது ஒன்று அதில் இல்லவே இல்லை. சோதனைக்குப் போனது அலமாரியில் இருந்த வேறோர் ஊர்ப் பச்சைக் கல்லின் துணுக்கு!

வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்றே, "கல்லின் அடியில் எழுதிய எண்ணைச் சரிபார்க்காதது என் தவறு" என்று எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பதவி உயர்வு கைநழுவியது. அவர் காதுபட "கவனம் பத்தாது" என்று முணுமுணுத்தவர்கள் நாங்கள்தான். இன்று வெட்கப்படுகிறோம்.

நடந்தது இதுதான். கல் சோதனைக்குப் போகும் முன் வந்த ஆயுத பூசைக்காக ஆய்வக உதவியாளர் கருப்புசாமி, பித்தளைச் சாமான் போல மேசை, அலமாரிக் கற்களைப் புளி போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார், பொட்டும் வைத்தார். அடியில் பெயிண்டில் எழுதியிருந்த எண்கள் அழிந்தன. பயந்துபோய் நினைவிலிருந்து திரும்ப எழுதியதில் பச்சைக் கற்கள் இரண்டின் எண்களும் மாறிவிட்டன; அந்த எண்ணைப் பார்த்தே துணுக்குச் சோதனைக்குப் போனது. பின்னர் அவர் அழுதபடி வந்து சொன்னபோது அம்மா, "பாக்காம விட்டது நாந்தானப்பு. போயி டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். அதன்பின் நாலு ஆண்டு உழைத்து, சரியான கல்லை அளந்து, புதிதாக எழுதினார். கருப்புசாமியின் பெயரை மட்டும் பதினோரு ஆண்டு எவரிடமும் சொல்லவில்லை.

எங்களுக்கே போன வெள்ளிக்கிழமைதான் தெரியும். அம்மா தம் தவறை ஒப்புக்கொண்டதாக மட்டும் எழுதியிருந்த இம்மடலில் கையெழுத்துக் கேட்டபோது கருப்புசாமி பேனாவை வாங்க மறுத்தார். "எந் தப்ப அம்மா தலையில வச்சிருக்கீங்க. மொதல்ல அத எழுதுங்க, அப்புறம் போடுறேன்" என்றார். எழுதிவிட்டோம்.

அம்மா, தாங்கள் நோயின்றி நெடுங்காலம் வாழ்க! அந்தக் கல்லின் எண் இனி மாறாது.

அன்புடன்,
கருப்புசாமி, ஆய்வக உதவியாளர்
மற்றும் நிலவியல் துறையினர்