வினோதினியின் வில்லைக்கு ஆக்சிஜன் அடைத்த கதை

மேடையின் மாண்பாய் வீற்றிருக்கும் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சிலுவைராஜ் அவர்களே! கடலைக் களமாக்கிய கருக்களாச்சேரிப் பெரியோர்களே! மீன்கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து குந்தியிருக்கும் தாய்மார்களே! முனைவர் பட்டம் வாங்கிய முகத்தோடு முன்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் அக்காள் மகள் வினோதினியே! இறால் குஞ்சு வியாபாரி முத்துக்குமரனின் வணக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன படித்தாள் இவள்? மீக்கடத்தி என்னும் மாயப் பீங்கானைப் படித்தாள்! மாத்திரை மாதிரி ஒரு கறுப்பு வில்லை. கடுங்குளிரில் வைத்தால் மின்சாரம் தங்குதடையின்றி ஓடும். என்ன, பின்னால் சிரிப்பு? நம்ம தெருவில் மின்சாரமே ஓடுவதில்லை என்கிறீர்களா? அந்த மனுவை அப்புறம் கொடுங்கள்.

அந்த வில்லைக்கு உயிர் எது? ஆக்சிஜன்! கதிர்வீச்சு பட்டால் என்னாகும்? அணுக்கள் இடம் பெயரும், ஆக்சிஜன் கசியும், எத்தனை குளிரிலும் மின்சாரம் முரண்டு பிடிக்கும். எவ்வளவு கசிந்தது என்று அளப்பதுதான் இவளுடைய ஆராய்ச்சி.

இரண்டாயிரத்து ஐந்து தீபாவளிக்கு, கதிர்வீச்சில் காட்டி, இன்னும் அளக்காமல் மிச்சமிருந்த கடைசி வில்லையை ஒரு கண்ணாடிப் புட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாப்பிடும்போது, "இதுல ஆக்சிஜன் போயிடுச்சு மாமா" என்றாள். எனக்குச் சோறு இறங்குமா? ஆக்சிஜன் குறைந்தால் என்ன செய்வதென்று தெரியாதவனா நான்?

இறால் குஞ்சை வெளியூருக்கு எப்படி அனுப்புகிறோம்? பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, குஞ்சை விட்டு, சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அடைத்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டுகிறோம். விடிந்ததும் வினோதினியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வில்லைக்கும் அதையே செய்தேன். சிலிண்டரைத் திறந்தவன் என்னிடம் வேலை பார்க்கும் நாகராஜ். எங்கே எழுந்து போகிறாய் நாகராஜ்? உட்கார்.

கொஞ்ச நேரத்தில் வில்லையிலிருந்து குமிழி கிளம்பியது. மூச்சு வந்துவிட்டதென்று நாகராஜ் கைதட்டினான். நான் ஆனந்தக் கண்ணீர் விட்டேன். வினோதினி வந்து பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"மாமா, மிச்சமிருந்த ஆக்சிஜன்தான் இப்ப வெளிய போகுது."

தண்ணீர் பட்டால் வில்லையே கெட்டுவிடுமாம். கதிர் விட்டு வைத்ததைக் கருக்களாச்சேரிக்காரன் காலி செய்தேன்!

அவள் படிப்பு பதினோரு மாதம் தள்ளிப்போனது. ஊர் என்ன பேசியது? பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை என்றது. பெண் பார்க்க வந்தவர்கள் வேறு வீடு பார்த்தார்கள். என் அக்காள் பங்கஜவல்லி பெற்ற மகளோடு பேசாமல் கிடந்தாள். பேராசிரியர் இழுத்தடிக்கிறார் என்று கதை கட்டிவிட்டது யார்? நான்! இவள் தன் தாயிடமாவது என் பெயரைச் சொன்னாளா? சொல்லவில்லையே! பொடியை அரைத்தாள், அச்சில் அழுத்தினாள், உலையில் சுட்டாள், மறுபடி கதிரில் காட்டினாள், அளந்தாள், வென்றாள்! இவள் வாய் திறக்காத ஒவ்வொரு நாளும் என் நெஞ்சை அறுத்தது ஐயா.

வாழ்த்திப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். தலைவர் அவர்களே, கைக்கடிகாரத்தைக் காட்டாதீர்கள், முடித்துவிட்டேன். அக்கா, உன் மகள் படிப்பில் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. கெடுத்தவன் உன் தம்பி. இவளைப் பேசிய பேச்செல்லாம் என்னைச் சேர வேண்டியது. பொறுமையாகக் கேட்ட காரைக்கால் கருக்களாச்சேரி மக்களுக்கு நன்றி, வணக்கம். இதோ மேடையை விட்டு இறங்குகிறேன். தாய்மார்கள் திட்ட ஆரம்பிக்கலாம்.