ஓரம் நசுங்கிய கிண்ணம்

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் சுத்தம் செய்வோம். ஜப்பானில், இந்தச் செண்டாய் நகரில், எல்லா அலுவலகங்களிலும் அப்படித்தான். பழைய அழுக்கோடு புது வருடத்துக்குள் போகக் கூடாது. என் பங்கு பிளாட்டினக் கிண்ணங்கள், இருபத்தாறு வருடமாக.

அவற்றில்தான் படிகங்களை வளர்ப்போம். பொடியை உருக்கி, மணிக்கு ஒரு டிகிரி வீதம் ஆறவிட வேண்டும். இருபத்தைந்து நாள். அவசரப்பட்டால் ஒரே படிகமாக வராது. இந்த வேலை செய்கிறவர்களுக்குக் கோபம் வராது என்பார்கள். எனக்கும் வந்ததில்லை.

மினேகிஷி இளம் விஞ்ஞானி, கெட்டிக்காரர். அவருடைய படிகத்தைக் குளிரவைத்தால் மின்சாரம் துளித் தடையும் இல்லாமல் ஓடியது. கட்டுரையில் ஆறு பேர் பெயர் வந்தது. என் பெயர் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "படிகத்தை வளர்க்கறது உலைதானே, குவாபரா சான். நீங்க பக்கத்துல உக்காந்து கொட்டாவி விடறீங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பிறகு வேறு எந்த நாட்டிலும் அந்தப் படிகம் வரவில்லை. மோசடி என்றார்கள். ஜனவரியில் தங்கள் கண் முன்னே மறுபடி வளர்த்துக் காட்டும்படி விசாரணைக் குழு சொன்னது.

"அந்த ஓரம் நசுங்கின கிண்ணத்தையே எடுத்து வைங்க, குவாபரா சான். அதுல மட்டும்தான் வருது. உள்ள ஏதோ சாமி குடியிருக்கு போல" என்றார் மினேகிஷி.

சாமி இல்லை. முன்பு நான் அதில் வேறொன்றை வளர்த்தபோது நசுங்கிய ஓரத்தின் மடிப்பில் தங்கிவிட்ட நிக்கல். ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் கரைந்து அவருடைய படிகத்துக்குள் போயிருக்கிறது. எனக்கு மட்டும் தெரியும்.

வழக்கமாக ஒரு நாள்தான் அமிலத்தில் காய்ச்சுவேன். மடிப்புக்குள் அது எட்டாது. அந்த வருடம் இருபத்தாறாம் தேதியே தொடங்கிவிட்டேன். அமிலம் வெளிர்பச்சையானது, நிக்கலின் நிறம். பச்சை வருவது நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரியில் உலையைத் திறந்தபோது வெறும் கறுப்புக் கல். மார்ச்சில் மினேகிஷி கடலுக்குப் போனார்; திரும்பவில்லை. அகிதாவிலிருந்து வந்த அவருடைய அம்மாவிடம் அவர் ஆய்வகத்தில் போட்டிருந்த செருப்பைக் கொடுத்தேன். அதையும் கழுவித்தான் வைத்திருந்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்கம்மா" என்று தலை தாழ்த்தினார்.

இரவில் தூக்கம் வருகிறது, களைப்புதான் போவதில்லை. நீங்கள் கேட்கும் முன் இதையும் சொல்லிவிடுகிறேன். உலையை மூட்டுவதற்கு முன் குழு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: "கிண்ணத்துல வேற ஏதாவது இருக்கா?"

"சுத்தமா இருக்குதுங்க" என்றேன். அன்று அது சுத்தமாகத்தான் இருந்தது. நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை.